பேக்கனுக்குப் பதில் கருவாடு

கருவாட்டு வாசத்தை நாற்றம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போனதில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ரியாத்தில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அப்படிச் சொன்னதால் வந்த வம்பு இது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் இப்போது இருக்கிற அளவுக்கு அப்போதே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே பெண்கள் ஹாஸ்டல். சுற்றிலும் மதில், கேட்டில் செக்யூரிட்டி. வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போய் பத்தா மார்க்கெட்டில் இறக்கிவிடும். பத்தாவில் இறங்கினால் பாதி ஊருக்கு வந்த மாதிரிதான். வாடிப்போன கறிவேப்பிலை, சின்ன உள்ளி, காய்ந்த மொச்சை, நெத்திலிக் கருவாடு, சாளைக் கருவாடு எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். நான் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக்காரி. அந்தக் கடை வாசலில் முதல்முறை நின்றபோது கண் கலங்கிவிட்டது. அழுகையா என்று கேட்காதீர்கள். பசி.

ஆஸ்பத்திரி கேன்டீன் சாப்பாடு அப்படி. உப்பில்லாமல் அவித்த கோழி, விறைத்த சோறு, தினமும் அதே குப்பூஸ் ரொட்டி. வந்து சேர்ந்ததிலிருந்து பாதி வயிற்றோடுதான் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவில் சாளைக் கருவாடு வாங்கிய மறுநாள் மத்தியானம், காலை டூட்டி முடிந்து வந்த கையோடு ஹாஸ்டல் கிச்சனுக்குப் போனேன். அங்கே கேஸ் அடுப்பு கிடையாது, கரண்ட் அடுப்புதான். கம்பிச் சுருள் செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. ஊரில் கங்கில் கருவாடு சுட்டுத் தின்று வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் வேறென்ன தோன்றும்? இரண்டு சாளையை எடுத்து நேரே அந்தச் சுருள்மேல் வைத்தேன்.

சாளையில் எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று கடற்கரைக்காரிக்குத் தெரியும். தலைக்கு மேலே கூரையில் வெள்ளை வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததே, அது புகையை மோப்பம் பிடிக்கிற சாமான் என்பதுதான் தெரியாது. எண்ணெய் சொட்டியது, புகை எழும்பியது, ஹாஸ்டல் முழுக்க அலாரம் அலறியது.

சவூதியில் பெண்கள் ஹாஸ்டலில் நெருப்பு அலாரம் அடித்தால் யாரும் நேரே வெளியே ஓட முடியாது. முதலில் கறுப்பு அபாயா தேடவேண்டும். முந்தின இரவு டூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். ஒருத்தி அபாயாவுக்குக் கீழே ஈரத் துண்டோடு நின்றாள். எல்லாருக்கும் நடுவில் இடுக்கியும் கையுமாக நான். பக்கத்தில் நின்ற ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், எங்க வாங்கின? எங்க ஊர்லயும் இது உண்டு" என்று இங்கிலீஷில் காதோடு கேட்டாள்.

வார்டன் எகிப்துக்காரி. வாட்டசாட்டமான ஆள், நடந்து வந்தால் வராண்டாவே அவளுக்குத்தான். அன்றைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாஃபி ஃபிஷ்! கலாஸ்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். மீன் கிடையாது, முடிந்தது பேச்சு என்று அரபியும் இங்கிலீஷும் கலந்த திட்டு. அலாரம் அடித்தது என் தப்பு, தூங்கினவர்களை எழுப்பியது என் தப்பு, அதற்குத் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து கேட்டிருப்பேன். அவள் பிடித்துக்கொண்டது புகையை இல்லை, நாற்றத்தை. "அது நாத்தம் இல்லை மேடம், சாப்பாடு" என்றேன். சாயங்காலத்துக்குள் கிச்சன் கதவில் இங்கிலீஷிலும் அரபியிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உலர்ந்த மீன் சமைக்கத் தடை, மீறினால் கிச்சனுக்குள் காலே வைக்கக்கூடாது.

என் ரூமில் இருந்த அக்கா உடன்குடிப் பக்கம். எனக்கு முன்னால் பல வருஷமாக அங்கே இருப்பவள், யாரிடமும் ஒரு சொல் அதிகம் பேசமாட்டாள். "ஏட்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? வந்து நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள வார்டன்கிட்ட மல்லுக்கு நிக்கிய. கருவாடு இல்லாட்டி செத்தா போவ?" என்றாள்.

சாகவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியே எங்களுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் கீழே கிடந்தது. படியேறினால் மூச்சு வாங்கியதற்கும், தலைமுடி கொத்துக் கொத்தாக வந்ததற்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் உறைத்தது. மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போகிற உடம்பு, மேலே பாதிப் பட்டினி, பிறகென்ன. நர்ஸிங் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னாள்: மாத்திரை சாப்பிடு, டயட்டீஷியனைப் பார். ப்ரொபேஷன் முடியும்போது திரும்ப ரத்தம் எடுப்போம். அப்போதும் குறைவாக இருந்தால் உன்னை நிரந்தரம் செய்ய முடியாது, டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவோம்.

டிக்கெட் என்றால் எங்கே? எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பெரியப்பாவிடம். ஊரில் அவர் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, பாஸ்போர்ட் எடுத்து, அம்மாவை மட்டும் பக்கம் சேர்த்துக்கொண்டு விமானம் ஏறினவள். "ஒரு வருஷம் தாக்குப்பிடிக்காது, திரும்பி வரும், அப்ப கட்டி வைப்போம்" என்று அவர் முற்றத்தில் நின்று சொன்னது என் காதிலேயே இருந்தது. ரத்தம் இல்லாத சீக்காளி என்ற பட்டத்தோடு போய் இறங்கினால் அவர் சொன்னது பலித்துவிடும். விடமாட்டேன் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

டயட்டீஷியன் அமெரிக்கக்காரி. என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். முகத்தில் புள்ளி புள்ளியாக மச்சம், சிரித்தால் முழு முகமும் சிரிக்கும். என்னை உட்காரவைத்து ஒரு அச்சடித்த தாள் கொடுத்தாள். இரும்புச் சத்துக்கு என்னென்ன சாப்பிடலாம் என்று படத்தோடு போட்டிருந்தது. அதில் ஒன்றைக் காட்டி, இது எங்கள் ஊரில் காலங்காலமாகச் செய்கிற தொடுகறி, சக்கோட்டாஷ் என்று பெயர், கேன்டீனில் வாரம் ஒருநாள் நான்தான் சொல்லிச் செய்யவைக்கிறேன், தவறாமல் சாப்பிடு என்றாள். மக்காச்சோளமும் பீன்ஸும், பேக்கன் என்கிற உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கறியும் போட்டு வதக்கினது.

தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "மேடம், பேக்கன் இங்க எங்க கிடைக்கும்?" என்றேன்.

அவளும் தாளைப் பார்த்தாள். அமெரிக்காவில் அடித்த தாள் அது. பெருமூச்சு விட்டாள். கிடைக்காதுதான், கேன்டீனில் வான்கோழியை பேக்கன் மாதிரி செய்து போடுகிறார்கள் என்றாள்.

சொன்ன சொல் தட்டக்கூடாது என்று கேன்டீனில் அதை வாங்கிச் சாப்பிட்டேன். டின் சோளம் தித்தித்தது. அவர்கள் போட்ட பீன்ஸ் நம்ம ஊர் டபுள் பீன்ஸ்தான், மாவாகக் குழைந்து கிடந்தது. அந்த வான்கோழி பேக்கன் இருக்கிறதே, சாயம் பூசின செருப்பு வார். மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டோடு எடுத்துக்கொண்டு நேரே டயட்டீஷியன் ரூமுக்கே போய்விட்டேன். அக்கா சொல்வாளே, மல்லுக்கு நிற்பது என்று, அதுதான். எனக்கு இங்கிலீஷ் கோபத்தில்தான் சரளமாக வரும்.

"மேடம், இதை நீங்க சாப்பிடுவீங்களா?"

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கீழே வைத்துவிட்டாள். அவள் அம்மா கோடைக்காலம் முழுக்க இதைச் செய்வாளாம். பேக்கனை முதலில் சட்டியில் போட்டு உருக்கி, அந்தக் கொழுப்பிலேயே மீதி எல்லாவற்றையும் வதக்குவாளாம். அந்த உப்பும் புகை வாசமும் இல்லாவிட்டால் இது வெறும் பீன்ஸ் என்று சொன்னாள். ரியாத் வந்ததிலிருந்து ருசியான பேக்கனுக்கு ஏங்கிக் கிடப்பதாகவும் சொன்னாள்.

"உங்க பேக்கனுக்கு இந்த நாடே தடை போட்டிருக்கு. என் கருவாட்டுக்கு ஹாஸ்டல் கிச்சன் மட்டும்தான் தடை. எங்க ஊர்ல மொச்சையில கருவாடு போடுவோம். உப்பும் உண்டு, வாசமும் உண்டு. உங்க தொடுகறிதான், கடல் பக்கத்துல இருந்து வருது" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, கருவாடு என்றால் எந்த மீன், எப்படிச் சாப்பிடுவீர்கள், முள்ளோடவா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சொல்லிக்கொடுத்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. சோளத்தில் இல்லாத புரதச் சத்து பீன்ஸில் உண்டு, பீன்ஸில் குறைவது சோளத்தில் உண்டு, இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் கறி சாப்பிட்ட மாதிரி. பீன்ஸில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதைச் சட்டென்று வாங்கிக்கொள்ளாது, கூடக் கொஞ்சம் மீனோ கறியோ இருந்தால் வாங்கிக்கொள்ளும். எலுமிச்சையும் தக்காளியும் உதவும். பேக்கன் என்பது சத்துக்காக இல்லை, பீன்ஸ் தொண்டையில் இறங்குவதற்காக. உன் நெத்திலி இரண்டு வேலையும் செய்யும். ஆனால் உப்பு அதிகம், ஊறவைத்து இரண்டு தண்ணி மாற்றிப் போடு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, டீ இரும்பை உள்ளே விடாது.

சாப்பிட்டதும் பால் விடாத கட்டன் சாயா குடிக்காமல் எனக்குப் பொழுதே போகாது. நல்லா மாட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தாளில் பேக்கன் என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, உலர்ந்த மீன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ஹாஸ்டல் சட்டம் என் கையில் இல்லை, இதைக் காட்டிப் பார் என்றாள். காட்டினேன். வார்டன் வாங்கிப் பார்க்கவே இல்லை. "பேப்பர் மாஃபி. நோ ஃபிஷ்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரி, கிச்சன் வேண்டாம், ரூமிலேயே செய்கிறேன் என்று இறங்கினேன். ரூமில் இருந்தது டீ போடுகிற கரண்ட் கெட்டில் ஒன்றுதான். மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டு, சுடுதண்ணி பிளாஸ்கில் அடைத்து வேகவைத்தேன். பாதிதான் வெந்தது. நெத்திலியைக் கெட்டிலில் கொதிக்கவிட்டு எடுத்த பிறகு, கெட்டிலைச் சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவினேன். அடுத்த நாள் விடியலில் அக்கா அதில் டீ போட்டு ஒரு வாய் குடித்தாள்.

"பாவி மட்டை! டீயில நெத்திலி வாசம் அடிக்கி! நான் டூட்டிக்குப் போற நேரத்துல, ஏட்டி, உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கம் எதுக்குக்கா? சத்துதான், குடிங்க."

அந்த டம்ளர் என் மேல்தான் பறந்து வந்தது. ஒரு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. கெட்டிலை அவள் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். எனக்கு மாத்திரை மட்டும் மிச்சம். அதுவும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் எடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. படியேறும்போது இன்னும் நடுவில் நின்று நின்றுதான் ஏறினேன். அப்போதெல்லாம் பெரியப்பா முற்றத்தில் நிற்பது கண்ணில் தெரியும். எனக்கு ஆத்திரம்தான் வரும்.

குளிர் போய் வெயில் வர ஆரம்பித்த நேரம். எனக்கு லீவு நாள். துணி எடுக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினவள் வராண்டாவில் அப்படியே நின்றுவிட்டேன். உப்பில் போட்ட மீன் வாசம். சந்தேகமே இல்லை. கருவாடு மாதிரிக் காய்ந்தது இல்லை, ஈரமாகப் பழுத்த மீன், எங்கள் ஊர் உப்பு மீன் பானையைத் திறந்தால் வருமே, அதைவிட ஒரு மடங்கு மேலே. வாசத்தின் பின்னாலேயே நடந்தேன். அது என்னை வார்டன் ரூம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

தட்டினேன். வார்டன் கதவைக் கொஞ்சம்போலத் திறந்தாள். அவள் தோளுக்கு மேலே எனக்கு மேசை தெரிந்தது. தட்டில் வயிறு பிளந்த முழு மீன், பச்சை வெங்காயத் தாள், எலுமிச்சை, ரொட்டி. மீனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மடவை. எங்கள் கழிமுகத்தில் துள்ளுகிற அதே மடவை.

"மேடம், ஃபிஷ்?" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. பிறகு நிமிர்ந்து நின்றாள். இது அவர்கள் ஊரில் வசந்தகாலப் பண்டிகைக்குத் தின்கிற மீனாம், லீவுக்குப் போய்வந்த அண்ணன் கொண்டுவந்து தந்தானாம். அதோடு, இது சமைக்கவில்லை, அப்படியே சாப்பிடுவது, சட்டத்தில் சமைக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது என்றாள்.

அடேயப்பா, என்ன வக்கீல் பேச்சு! எனக்கு உச்சி மண்டை கொதித்தது. "உங்க மீன் பண்டிகை, என் மீன் நாத்தமா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, குரல் புரிந்திருக்கும். பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னேன். "நான் இதை யாரிடமும் சொல்லமாட்டேன். ஒருத்தர் சோற்றுத் தட்டைக் காட்டிக்கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த நோட்டீஸை இப்போது கிழிக்கப் போகிறேன். ஒளிந்து கிழிக்க எனக்கு இஷ்டமில்லை. வந்து பாருங்கள்."

விறுவிறுவென்று நடந்தேன். அவள் செருப்புச் சத்தம் பின்னாலேயே கேட்டது. பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவள் சூப்பர்வைசருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் ரத்தப் பரிசோதனைக்கே காத்திருக்க வேண்டாம், அடுத்த விமானம்தான். கிச்சன் கதவில் ஒட்டியிருந்ததை மேல் மூலையில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். டேப் கதவின் வெள்ளைப் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. காகிதத்தை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

வார்டன் அதை வாங்கிக் கைக்குள் கசக்கினாள். பிறகு கூரையைக் காட்டி, "ஸ்மோக் மாஃபி" என்றாள். சுடாதே, புகைய விடாதே, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

"ஸ்மோக் மாஃபி" என்றேன் நானும். அது நியாயம்.

அவள் போய்விட்டாள். புது நோட்டீஸ் வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை. கதவில் பெயின்ட் பெயர்ந்த சதுரம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து செய்ய ஆரம்பித்ததுதான். ராத்திரி ஊறின மொச்சையை மூடி போட்டு மெத்தென்று வேகவைப்பேன். டின் சோளத்தை அலசித் தித்திப்பைக் குறைப்பேன். சட்டியில் சின்ன உள்ளி, மிளகாய், தக்காளி வதங்கினதும், தண்ணி மாற்றி ஊறின நெத்திலியைப் போட்டு மொச்சையும் சோளமும் சேர்த்துப் பிரட்டி எடுத்து, இறக்கின பிறகு எலுமிச்சை பிழிவேன். முதல்நாள் அந்த ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் தட்டோடு வந்து நின்றாள். அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் டூட்டியிலிருந்து வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னத்த சோளத்தப் போட்டு வச்சிருக்க, கருவாட்டுக்குப் பிடிச்ச கேடு" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனாலும் அவளுக்குப் பயம் விடவில்லை. நான் சமைக்கும்போதெல்லாம் கிச்சன் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுவாள். "எவளாவது மேல எழுதிப் போட்டுட்டா உன் சோலி முடிஞ்சிதுட்டி" என்பாள். ரத்தம் எடுக்கிற வரைக்கும் பொறுப்போம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாத்திரையையும் விடவில்லை, வயிற்றைப் புரட்டினாலும் முழுங்கினேன். சாயாவைச் சாப்பாட்டிலிருந்து ரொம்பத் தள்ளிவைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முதல் சில நாள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு ஒருநாள் வார்டுக்கு லிஃப்ட் வராமல், யோசிக்காமல் படியேறிப் போய்விட்டேன். மேலே போய் நின்ற பிறகுதான் நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்று தோன்றியது. ஸ்டோர் ரூமுக்குள் போய் கொஞ்சம் அழுதேன். அது அழுகைதான்.

ப்ரொபேஷன் முடிகிற வாரம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று சூப்பர்வைசர் கூப்பிட்டாள், டயட்டீஷியனும் அங்கே இருந்தாள். போதுமான அளவுக்கு ஏறியிருக்கிறது, நிரந்தரம் செய்கிறோம் என்று சூப்பர்வைசர் சொன்னாள். மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது என்றும் சொன்னாள்.

"மாத்திரையும்தான் மேடம்" என்றேன். "கூடவே மொச்சை, சோளம், கருவாடு. எழுதிக்கோங்க, கருவாடு."

டயட்டீஷியன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெலிபோன் கார்டு வாங்கி அம்மாவுக்குப் போட்டேன். பக்கத்து வீட்டில்தான் போன் இருந்தது, அம்மா ஓடிவந்த மூச்சு கேட்டது.

"எம்மா, ரத்தம் ஏறிட்டு. என்னை வச்சுக்கிட்டாவ. பெரியப்பாட்ட சொல்லிரு, நான் வரல. மாப்பிள்ளைய வேற எங்கயாவது கட்டி வைக்கச் சொல்லு."

"மெதுவாப் பேசுட்டி, பெரியப்பா இங்கனதான் நிக்காவ."

"நல்லதாப் போச்சு. போனை அவ்வொ காதுல வை."

வைத்தாளோ என்னவோ தெரியாது. நான் சொல்ல வேண்டியதை முழுசும் கத்திச் சொல்லிவிட்டுத்தான் கார்டு தீர்ந்தது.

அன்றைக்கு சாயங்காலம் ஒரு பெரிய சட்டி நிறைய மொச்சையும் சோளமும் கருவாடும் பிரட்டினேன். அக்கா வழக்கம்போல ஈரத் துண்டோடு வந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கொடியில் காயப்போட்டேன். கிச்சன் கதவை விரியத் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாதபடி மொச்சைப் பையை இழுத்து முட்டுக் கொடுத்தேன். வாசம் வராண்டா முழுக்கப் போய், வார்டன் ரூம் வரைக்கும் போனது. போகட்டும் என்றுதான் திறந்தேன்.